அப்பாயியின் கண்ணீர், 800 சொற்களுக்கு மேற்படாமல்

கடைசியில் எங்களுக்கு உண்மை எழுதக் கற்றுக்கொடுக்க ஆள் வந்துவிட்டார்கள். தோட்டப் பிள்ளைகளுக்குக் காணி இல்லை, வீடு இல்லை, நாட்சம்பளம் பத்தவில்லை என்று இருநூறு வருசமாகப் புலம்பிக்கொண்டிருந்தோமே, அதெல்லாம் இரண்டாம்பட்சமாம். எங்களிடம் உண்மையில் இல்லாதது அபுனைவு எழுதும் ஆற்றல் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டுபிடித்ததோடு நிற்காமல் அனுசரணை பிடித்து, பெனர் அடித்து, மாத்தளையில் ஒரு கல்லூரி மண்டபத்தில் கதிரை போட்டு, பகலுக்குச் சோற்றுப் பார்சலும் சொல்லிவிட்டார்கள். 'படைப்புசார் அபுனைவுச் செயலமர்வு' என்று பெயர். ஒரு தவணை முழுக்க, சனிக்கிழமைதோறும். முடிவில் சான்றிதழ்.

எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தங்களைச் சொல்லவில்லை என்று சந்தோஷப்படும்.

எனக்கு அங்கே என்ன வேலை? உள்ளூர் எழுத்தாளர் என்ற ஒதுக்கீட்டில் குத்துவிளக்கின் கடைசித் திரியைப் பற்றவைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பற்றவைத்ததும் வந்திருக்கலாம். பின்வரிசையில் உட்கார்ந்தேன். பிறகு மற்றச் சனிக்கிழமைகளிலும் போய் உட்கார்ந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வரவுப் பதிவில் ஒரு தலை கூடினால் அனுசரணையாளருக்குக் காட்ட நல்லது.

வளவாளர் மோசமான ஆள் இல்லை. அதுதான் எரிச்சல். கொழும்பிலிருந்து விடியப்புறம் புறப்பட்டு வருகிறவர், கடல் கடந்து பட்டம் வாங்கியவர், பிள்ளைகளை அதட்டத் தெரியாத பெண். ட்ரூமன் கபோட்டி 1966இல் புத்தகமாக்கிய கொலை வழக்கு, 1936இல் அயோவாவில் தொடங்கிய எழுத்துப் பட்டறை, லீ குட்கிண்ட் இந்த வகை எழுத்துக்கென்றே 1993இல் ஆரம்பித்த சஞ்சிகை என்று திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். நாவலைப் போல் காட்சி வேண்டும், பேச்சு வேண்டும், ஆள் நடமாட வேண்டும். ஆனால் ஒரு பொய்யும் கலக்கக்கூடாது என்றார். எல்லாம் சரிதான். கபோட்டியைப் படித்துக் கெட்டுப்போனவர் யாருமில்லை. எழுத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா முடியாதா என்ற பழைய சண்டையிலும் நான் இல்லை. வேண்டாத வாக்கியத்தை வெட்டவாவது கற்றுக்கொடுக்கலாம். அதைக் கற்க வேண்டியவர்கள் எங்கள் இலக்கிய வட்டத்திலேயே வரிசையில் நிற்கிறார்கள்.

கோளாறு ஒப்படைகளில் தொடங்கியது.

முதல் ஒப்படை: 'என் இடம்'. வாசகர் கண்ணை மூடிக்கொண்டு வந்து சேரும்படி உங்கள் வீட்டை எழுதுங்கள். ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள்.

"மிஸ், தபால்காரரே வந்து சேர மாட்டாரு. அதையும் எழுதலாமா?"

தோட்டத்தின் பெயர், கீழ்ப்பிரிவு, ரத்தோட்டை. அவ்வளவுதான் அவளுடைய முகவரி. கீழ்ப்பிரிவில் இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் அதேதான். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கே மேசையில் கிடக்கும். யாராவது லயத்துப் பக்கம் போகிறபோது, நினைவிருந்தால், கொண்டுபோவார்கள். நேர்முகத் தேர்வு முடிந்தபிறகு நேர்முகத் தேர்வுக் கடிதம் கிடைப்பது மலையகத்தில் ஒரு செய்தியே இல்லை. வளவாளரின் கண் விரிந்தது. "அற்புதமான விவரம்" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். தபால் அதிபருக்கும் பிரதேச செயலாளருக்கும் போக வேண்டிய ஒரு முறைப்பாடு, எங்கள் கண்ணெதிரே, மூன்றே விநாடியில் இலக்கியமாகிச் செத்துப்போனது.

இரண்டாவது ஒப்படை ஐம்புலன். தேயிலை மலையின் மணத்தை எழுத வேண்டும். மாத்தளை மாவட்டத்தில் எல்லாத் தோட்டமும் தேயிலை இல்லை என்ற விசயத்தை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. இங்கே றப்பர் இருக்கிறது, கொக்கோ இருக்கிறது, மிளகு இருக்கிறது. ஏ9 வீதியோரத் தோட்டங்களில் வெள்ளைக்காரருக்கு வனிலாக் கொடியைக் காட்டி எண்ணெய் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பையன் எழுந்து, "எங்கம்மா பால்வெட்டுறவங்க மிஸ், எனக்குத் தேயில மணம் தெரியாது" என்றான். றப்பர் பால் புளித்து நாறும் நாற்றம் வேண்டுமானால் எழுதுகிறேன் என்றான். வளவாளர் கொஞ்சம் யோசித்து, தேயிலை என்றால் வாசகர் சட்டென்று பிடித்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார். பொய் கலக்கக்கூடாத எழுத்தின் இரண்டாவது சனிக்கிழமை அது. பையன் வாழ்நாளில் கொழுந்தே ஆயாத தன் தாயின் விரலில் கொழுந்துக் கறையைப் பூசி எழுதிக்கொண்டு வந்தான். நல்ல புள்ளி கிடைத்தது.

இன்னொரு பையனுக்கு 1983 ஜூலையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் எரிந்ததைத் தன் தாத்தா சொன்ன மாதிரியே எழுத ஆசை. மாசிமகத் தேர் ஓடிய வீதியில் அன்றைக்கு என்ன ஓடியது என்று தாத்தாவுக்கு ஞாபகம் இருக்கிறதாம். கருத்திட்டத்தின் நோக்கம் சமூக நல்லிணக்கம் என்பதால் அது 'பிறகு பார்க்கலாம்' என்ற பைலுக்குள் போனது. யார் கோவிலை எரித்தார்கள் என்று எழுதாமல், எரிந்த பின் வந்த மௌனத்தை எழுதலாமே என்று யோசனை சொன்னார்கள்.

மூன்றாவது ஒப்படைதான் செயலமர்வின் உயிர்நாடி: 'என் அப்பாயி அல்லது அம்மாயி'. தலைமுறை வலி. 800 சொற்களுக்கு மேற்படாமல். ரத்தோட்டைப் பிள்ளை எழுதிக்கொண்டு வந்ததை வளவாளர் சத்தமாக வாசித்தார். நான் பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் எழுதியது ஒரு கணக்கு. அப்பாயியின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் மூன்றாவது. பதிவு செய்தவர்களில் யாருக்கும் தமிழ் சரியாக எழுதத் தெரியாது. அப்பாயிக்குத் திருத்தத் தெரியாது. ஓய்வு பெற்று ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டபோது, மூன்று பெயரும் ஒரே பெண்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். முடித்துக்கொண்டு போனால், பெயர் சரி, ஆனால் தோட்டம் பல வருசமாகக் காசே கட்டவில்லை என்றார்கள். அங்கிருந்து பிள்ளை தன் தாயின் சம்பளச் சீட்டுக்குத் தாவுகிறாள். நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபா. 25 நாள் பெயர் விழுந்தால் 33,750. அதில் தொழிலாளியிடம் பிடிப்பது நூற்றுக்கு 8, அதாவது 2,700. முதலாளி போட வேண்டியது நூற்றுக்கு 12, அதாவது 4,050. இரண்டும் சேர்ந்து மாதம் 6,750 ரூபா அம்மாவின் பெயரில் மத்திய வங்கிக்குப் போயிருக்க வேண்டும். போகிறதா என்று கேட்டு அம்மா மூன்று முறை அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாவது முறை, ஏன் வேலைநேரத்தில் வந்தாய் என்று அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டார்கள். கட்டுரை அந்த அரைப்பேரோடு முடிகிறது.

வாசித்து முடிந்ததும் வளவாளர் மெதுவாகத்தான் சொன்னார். உழைப்பு தெரிகிறது. ஆனால் தகவல் கூடிவிட்டது, எண்கள் வாசகரைத் தள்ளி நிறுத்துகின்றன. அப்பாயி எங்கே? அவருடைய கை எப்படி இருந்தது? வெடிப்பு விழுந்திருந்ததா? அந்தக் கையை எங்களுக்குக் காட்டுங்களேன்.

"கை எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான் மிஸ். காசுதான் வரல்ல."

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. வளவாளர் திரையை அடுத்த பக்கத்துக்கு மாற்றினார். 'சொல்லாதே, காட்டு' என்று அதில் இருந்தது.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றிருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. பெண் மலையிலிருந்து கூடையோடு இறங்கி வருவாள். தராசுக்காரர் தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு என்று கிலோவை முதலில் குறைப்பார். பிறகு முற்றல் இலையைப் பொறுக்கி வீசுவார். இரண்டு இலையும் ஒரு குருத்தும் மட்டும் போதும். மீதியை அவள் சுமந்து வந்தாள் என்பது அவளுடைய பிரச்சினை. செயலமர்வும் இதைத்தான் செய்கிறது. எங்கள் வீட்டுக் கதையில் கண்ணீர் குருத்து, ஏக்கம் இலை. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது முற்றல். அது ரசத்தைக் கெடுக்கும். ருசி பார்க்கிறவர் எங்கேயோ இருக்கிறார். அவருக்குக் கசக்காமல் பொதி செய்து அனுப்ப வேண்டும்.

இதற்கு ஒரு கல்லூரிப் பாடநெறி எதற்கு என்பது என் கேள்வி. படைப்புசார் அபுனைவில் மாத்தளை மாவட்டத்துக்கு வாத்தியார் தேவையே இல்லை. நடப்பை வைத்துக்கொண்டு கதை கட்டும் வித்தையில் எங்கள் தோட்ட அலுவலகங்களையும் அமைச்சுக்களையும் கமிஷன்களையும் அடிக்க அயோவாவில் ஆள் பிறக்கவில்லை.

எடுத்துப் பாருங்கள். 1921இல் ஒழிக்கப்படும்வரை 'துண்டு' என்று ஒரு இலக்கிய வகை இங்கே கொடிகட்டிப் பறந்தது. ஒரு கடதாசித் துண்டில் ஒரு கங்காணியின் ஆட்கள் பட்ட கடனெல்லாம் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டித் தீர்த்தவனிடம் ஆளை அனுப்பிவைப்பார்கள். வாசகர் ஒருவரே, துரை. நாயகர்கள் நூற்றுக்கணக்கில், ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அதைவிடக் கச்சிதமான நடை கபோட்டியிடம் கூட இல்லை.

பிறகு 1948. இரண்டு மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் பிறந்து இந்த மண்ணிலேயே புதைந்தவர்களை, பிரஜாவுரிமைச் சட்டம் என்ற ஒரே பிரதியால் பிறக்காதவர்களாக்கினார்கள். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து எழுதிய அபுனைவில் எண்கள் தாராளமாகவே வந்தன: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். அந்த எண்கள் எந்த வாசகரையும் தள்ளி நிறுத்தவில்லை. ஆட்களைத்தான் தலைமன்னார்க் கரைக்குத் தள்ளின. அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தது. இரண்டு சொல்லில் ஒரு முழு அத்தியாயம். எந்தச் செயலமர்வுக்கும் போகாத ஆட்கள்.

சம்பளக் கதை தொடர்கதை. ஆயிரம் ரூபா என்ற முதல் பாகம் 2015இல் மேடைகளில் தொடங்கி 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. வந்ததும் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ கூடியது, வேலை நாள் குறைந்தது. ஆயிரம் ஆயிரமாகவே இருந்தது, சம்பளம்தான் பழைய இடத்தில் நின்றது. இரண்டாம் பாகம் 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் அப்போதைய ஜனாதிபதி வாயால் 1,700 என்று வெளியாகி, கம்பனிகள் நீதிமன்றம் போய் வந்தபிறகு, செப்டம்பரில் 1,350 ஆகச் சுருங்கியது. கூடுதல் கிலோ பறித்தால் மீதி 350 ரூபா கிடைக்கும் என்றார்கள். மூன்றாம் பாகம் 2025 நவம்பர் வரவு செலவுத் திட்ட உரையில் 1,750. அதில் 200 ரூபா அரசாங்கம் தரும் வருகைப் படி. கவனியுங்கள், கம்பனிக்காக அரசாங்கம் கொடுக்கிறது. சொல்லாதே காட்டு என்பதை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தவர்கள் வேறு யார்? காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சேமலாப நிதியைத் தனியார்தான் விழுங்குகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்கத்துக்கே சொந்தமான ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எங்கள் மாவட்டத்து ஊரொன்றின் பெயரையே தாங்கிய எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி ஆகியவை தொழிலாளர் நிதியைக் கட்டாமல் விட்ட கதை பாராளுமன்றத்திலேயே திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. 1958இல் சட்டம் கொண்டுவந்ததும் அரசு, அதை மீறியதும் அரசு, விசாரிக்க வேண்டியதும் அரசு. சுயசரிதை என்றால் இதுவல்லவா சுயசரிதை.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபிரே என்று ஒருவர். தன் வாழ்க்கைக் கதையில் 87 நாள் மறியலில் கிடந்ததாக எழுதினார்; கிடந்தது சில மணித்தியாலம்தான் என்று 2006இல் வெளிவந்தது. ஓப்ரா வின்ஃப்ரே அவரைத் தொலைக்காட்சியில் உட்காரவைத்து நாடு பார்க்க வறுத்தெடுத்தார். வளவாளர் இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்கு எச்சரிக்கையாகச் சொன்னார்: வாசகரோடு நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை மீறாதீர்கள். பிள்ளைகள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையை எந்த நிகழ்ச்சியில் உட்காரவைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் 2012 நவம்பரில் மண் வெட்டியபோது எலும்பு வந்தது. வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்து 150க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளானது. 1980களின் கடைசியில், ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் புதைக்கப்பட்டவை என்று உள்ளூர் நிபுணர்கள் 2013இல் நீதிமன்றத்தில் சொன்னார்கள். காணாமல் போன சிங்களப் பிள்ளைகளின் தாய்மார் போட்டோவோடு வந்து நின்றார்கள். பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. எலும்பு அமெரிக்க ஆய்வுகூடத்துக்குப் போனது. 1950க்கு முந்தையவை என்று முடிவு வந்தது. ஒரே குழி, ஒரே எலும்பு, இரண்டு அபுனைவு. எதில் படைப்பு கூட என்று தீர்மானிக்க அந்தத் தாய்மாரை யாரும் நடுவர்களாக அழைக்கவில்லை. செயலமர்வு நடந்த மண்டபத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. ஒரு களப்பயணம் வைத்திருக்கலாம். வைத்தார்கள், அலுவிகாரைக்கு. நல்லதுதான், பஞ்சத்துக்கும் போருக்கும் பயந்து, வாய்மொழியாக இருந்த திரிபிடகத்தைப் பிக்குமார் கிறிஸ்துவுக்கு முந்தைய முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் ஏற்றிய இடம் அது. எழுதி வைக்காவிட்டால் போய்விடும் என்று பயந்துதான் எழுதினார்கள். போகாமல் இருக்க எழுதியவர்களுக்கு யாரும் சொல் எல்லை விதிக்கவில்லை என்பதை வழிகாட்டி சொல்ல மறந்துவிட்டார்.

பாடத்திட்டத்தின் வாசிப்புப் பட்டியலைப் பார்த்தேன். கபோட்டி உண்டு, குட்கிண்ட் உண்டு. எங்கள் ஆள் ஒருவர் கூட இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை இல்லை. 1914இல் பூண்டுலோயா மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போய், அடுத்த வருசமே தன் சனத்தின் பிரஜாவுரிமை பறிபோவதைப் பார்த்து, 1970இல் 'பார்ன் டு லேபர்' என்று தோட்டத்து மனிதரை ஒவ்வொருவராக நிறுத்தி எழுதியவர். ஆங்கிலத்திலேயே எழுதினார், அதற்கும் இடமில்லை. அவர் குட்கிண்டின் சஞ்சிகைக்கு 23 வருசம் முந்திவிட்டார். முந்திப் பிறந்த குற்றம் போலும்.

கோ. நடேசய்யர் இல்லை. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்றிருந்த காலத்தில், புடவை வியாபாரியாக மூட்டை தூக்கிக்கொண்டு லயம் லயமாக ஏறி, பார்த்ததை எழுதினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாடினார். உள்ளே புகுந்து எழுதும் முறைக்கு வெளிநாட்டு உதாரணம் ஐந்து காட்டிய திரை, லயம் லயமாகப் புடவை விற்றவரைக் காட்டவில்லை.

இதே மாத்தளையின் பெயரை முன்னால் மாட்டிக்கொண்டு எழுதிய மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், அவர்களோடு மலரன்பன் என்று மூவர் சேர்ந்து 1980இல் 'தோட்டக்காட்டினிலே' கொண்டுவந்தார்கள். அது சிறுகதை, அபுனைவு இல்லை என்பார்கள். இருக்கட்டும். புனைவென்று சொல்லி அவர்கள் எழுதியதில் இருந்த உண்மையில் கால்வாசி, உண்மை என்று சொல்லி எழுதப்பட்ட எந்த ஆண்டறிக்கையிலாவது இருந்தால் காட்டுங்கள்.

ஒரே ஒரு ஆளைச் சேர்த்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். 1869இல் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' பாடிய ஆபிரகாம் ஜோசப். மலையகத்தைப் பற்றி அச்சேறிய முதல் நூல்களில் ஒன்று அது. துரைமார் பக்கம் நின்றுகொண்டு, ஒழுங்காக வேலை செய்யும்படி கூலிகளுக்குக் கும்மி மெட்டில் புத்தி சொன்னார். அனுசரணையாளர் மனம் கோணாமல் எழுதுவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது.

'கோபம் எழுத்தைக் கெடுக்கும்' என்பது கடைசி வாரத்துப் பாடம். கோபமாக இருக்கிறபோது எழுதாதீர்கள், ஆறவைத்து எழுதுங்கள். எத்தனை நாள் ஆறவைப்பது? 1840களில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தவர்களில் செத்து விழுந்தவர்கள் போக மீதிப்பேர் கோப்பித் தோட்டத்துக்கு வந்தார்கள். 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று அந்தப் பத்தாண்டின் சாவு 70,000 வரும் என்று கணக்குப் போட்டது. துரைத்தனம் அப்போதே ஆறத்தான் போட்டது. இன்னும் சூடாக இருக்கிறதென்றால் அடுப்பை அணைக்காதவர்களைக் கேளுங்கள்.

அந்த வழியையே 2023இல் எங்கள் சனம் திரும்ப நடந்தது. ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடை. வழியெல்லாம் சிங்களச் சனமும் முஸ்லிம் சனமும் தண்ணீர் கொடுத்தது. தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். மலையக மக்களின் பங்களிப்பு, மாண்பு, நன்றி. அந்த மாதம் முடிவதற்குள், அதே மாத்தளையில், எல்கடுவ ரத்வத்தைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் ஒரு குடும்பம் ஒதுங்கிக் கிடந்த குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்த காணொளி நாடெங்கும் ஓடியது. மாண்பைப் பேசி வாய் உலரவில்லை, தகரம் பறந்தது. இதைக் கோபமில்லாமல் எழுதத் தெரிந்தவருக்கு என் வணக்கம். அவருக்கு எழுத வேண்டிய அவசியமும் இருக்காது.

இறுதிநாள் விழாவுக்குப் பிரதம அதிதி பிந்தி வந்தார். 'குரலற்றவர்களுக்குக் குரல்' என்று பேசினார். விடியக்காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிறபோது, தன் பெயர் விடுபட்டால் மலை அதிரக் கத்துகிற பெண்களின் பிள்ளைகள் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து கேட்டார்கள். அச்சான தொகுப்பு வெளியானது. வழுவழுப்பான தாள், அட்டையில் கூடை சுமந்த பெண், முகம் தெரியாத மாதிரிப் பின்பக்கமிருந்து எடுத்த படம். உள்ளே கண்ணீர் பதினைந்து வகை. பால்வெட்டும் தாயின் மகனுடைய தேயிலைக் கட்டுரை முதலாவது. ரத்தோட்டைப் பிள்ளையின் கட்டுரையில் அப்பாயியின் கை இருந்தது, வெடிப்போடு. கணக்கு இல்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன், "ஏன் தங்கச்சி, அந்தக் கணக்க எல்லாம் என்ன செஞ்ச?"

"தலைப்ப மட்டும் மாத்தினேன் அண்ணே. மேல 'தொழில் ஆணையாளர் அவர்களுக்கு'ன்னு போட்டு, அம்மாவோட சம்பளச் சீட்டையும் வச்சு, ரெஜிஸ்டர்ல அனுப்பிட்டேன். மிஸ் சொன்ன மாதிரிதான், தேவையில்லாத சொல்லு ஒண்ணும் இல்ல."

அந்தத் தவணை முழுவதிலும் உருப்படியாக எழுதப்பட்ட அபுனைவு அது ஒன்றுதான். அதற்குப் புள்ளி இல்லை.

இரண்டாம் கட்டத்துக்கான அறிவித்தல் இப்போது வந்திருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையை இறக்கியதே, அதுதான் கருப்பொருள்: 'இழப்பும் மீண்டெழுதலும்'. நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை. குடும்பத்தில் உயிரிழப்பு இருந்தால் விண்ணப்பத்தில் குறிப்பிடலாம், கட்டாயமில்லை. விண்ணப்பம் ஆங்கிலத்தில். மண் மூடிய லயம் கம்பனியின் பெயரில் இருக்கிறது; அது நின்ற காணியும் கம்பனியின் கையில்தான்; திரும்பக் கட்டுவதென்றால் ஒரு தகரம் ஊன்றுவதற்கும் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். அதற்குள்ளிருந்து தப்பி வந்தவர் எழுதப்போகும் கதையின் முழுப் பதிப்புரிமையும் அனுசரணையாளருக்கே உரியது என்று நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில், போட்டிருக்கிறார்கள்.